சேலம் விமான நிலையம் யாருக்கு?

சேலம் ஜில்லாவில் ஓமலூரை அடுத்த கமலாபுரத்தில் சர்க்காருக்குச் சொந்தமான விமான நிலையம் ஒன்று இருக்கிறது. சேலம் நகரிலிருந்து அதற்குச் சுமார் 20 கிலோமீட்டர் தூரம். 1993-ஆம் வருஷத்தில் முதல் விமானம் அங்கே இறங்கியது. அது முதல் கணக்குப் பார்த்தால், பிரயாணிகளோடு விமானம் வந்து போன வருஷங்களைக் காட்டிலும் வராத வருஷங்களே அதிகம். நாலு தடவை அங்கே போக்குவரத்து ஆரம்பிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் மந்திரிகள் வந்தார்கள், குத்துவிளக்கு ஏற்றப்பட்டது, நமது பத்திரிகை உள்பட எல்லாப் பத்திரிகைகளும் பாராட்டி எழுதின. மூன்று தடவை அந்தப் போக்குவரத்து அறிவிப்பில்லாமல், விழாவில்லாமல், சத்தமில்லாமல் நின்று போயிற்று.

பிரயாண வசதியைப் பற்றிப் புகார் சொல்வதற்காக நாம் இதை எழுத முன்வரவில்லை. இந்த நிலையத்தை விஸ்தரிப்பதற்கென்று சுமார் 570 ஏக்கர் நிலத்தைக் குடியானவர்களிடமிருந்து எடுக்கும் யோசனை 2018 முதல் அவர்கள் தலைமேல் தொங்கிக்கொண்டு வந்திருக்கிறது. மறுபக்கத்தில், இதே நிலையத்தைத் திருச்சி நிலையத்தோடு சேர்த்துக் கட்டித் தனியார் கம்பெனியொன்றுக்குக் குத்தகைக்கு விடலாம் என்ற யோசனைக்கு 2021-இல் விமான நிலைய அதாரிட்டியின் நிர்வாகக் குழு சம்மதம் கொடுத்தது. இவ்விரண்டு யோசனைகளையும் தனித்தனியே விவாதிப்பவர்கள் உண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர்கள் குறைவு. அப்படிப் பார்க்க வேண்டிய வேளை வந்துவிட்டதென்று கருதுகிறோம்.

முதலில் பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். 1993-இல் வந்தது என்.இ.பி.சி. கம்பெனியின் விமானம், சில காலமே பறந்தது. பின்பு நீண்ட மௌனம். 2009 நவம்பரில் கிங்ஃபிஷர் கம்பெனி சென்னைக்கும் சேலத்துக்கும் இடையே விமானம் விட்டது. அந்தக் கம்பெனியே கடனில் மூழ்கி, 2012 அக்டோபரில் அதன் லைசென்ஸ் நிறுத்திவைக்கப்பட்டது. சேலத்து விமானம் அதற்கு முன்பே நின்றிருந்தது. மூன்றாவதாக, 2018 மார்ச் 25-ஆம் தேதி ட்ரூஜெட் கம்பெனி வந்தது. இது மத்திய சர்க்காரின் 'உடான்' திட்டத்தின் உதவித் தொகையோடு வந்த விமானம். உதவித் தொகைக்கு மூன்று வருஷக் கெடு. 2021-இல் கெடுவும் முடிந்தது, விமானமும் நின்றது. நோய்த் தொற்றுக் காலமும் அதற்கு ஒரு காரணமே. அதை மறைக்க நாம் விரும்பவில்லை. நாலாவதாக, 2023 அக்டோபரில் சர்க்காருக்குச் சொந்தமான அலையன்ஸ் ஏர் கம்பெனியும் தனியார் கம்பெனியாகிய இண்டிகோவும் பெங்களூர், கொச்சி, ஹைதராபாத், சென்னை ஆகிய ஊர்களுக்கு விமானம் விட ஆரம்பித்தன.

ஏன் இப்படி வருவதும் போவதுமாக இருக்கிறது? சேலத்தில் பணமில்லையா? வியாபாரமில்லையா? இரண்டும் உண்டு. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசு தேசமெங்கும் போகிறது. ஜவ்வரிசிக்கும் உருக்குக்கும் பெயர் போன ஜில்லா இது. ஆனால் ஜவ்வரிசி மூட்டை விமானத்தில் போக வேண்டிய அவசியமில்லை. லாரியே அதற்குப் புஷ்பக விமானம். மனிதர்களின் பிரயாணத்தை எடுத்துக்கொண்டாலும் சேலத்தின் பூகோளமே இந்த நிலையத்துக்குச் சத்துரு. மேற்கே கோயம்புத்தூர், கிழக்கே திருச்சி, வடக்கே பெங்களூர் என்று மூன்று பெரிய விமான நிலையங்கள் இந்த ஊரைச் சூழ்ந்திருக்கின்றன. மூன்றுக்கும் அகலமான நெடுஞ்சாலை உண்டு. சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ போகிற சேலத்து வியாபாரி அதிகாலையில் காரில் ஏறினால் அந்த மூன்றில் ஒன்றை அடைந்து நேரே ஏறிவிடுகிறார். கமலாபுரத்தில் ஏறிச் சென்னையில் இறங்கி மறுபடி ஏறுவதில் அவருக்கு என்ன லாபம்?

சென்னைக்கே போகிறவர் கதை இன்னும் விசேஷம். 2023 ஏப்ரல் 8-ஆம் தேதி ஆரம்பிக்கப்பட்ட வந்தே பாரத் ரயில் சேலம் ஜங்ஷனிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு நாலு மணி நேரத்துக்குள் கொண்டு சேர்க்கிறது. விமானம் ஒரு மணி நேரத்தில் பறந்துவிடும், உண்மை. ஆனால் நகரிலிருந்து கமலாபுரம் போகும் நேரம், சோதனைக்காக முன்கூட்டிக் காத்திருக்கும் நேரம், மீனம்பாக்கத்திலிருந்து சென்னை நகருக்குள் புகும் நேரம் எல்லாவற்றையும் கூட்டினால் மிச்சப்படுவது அற்ப சொற்பம். இரண்டும் சர்க்காரின் காரியங்களே. ஒரு கை விமானத்துக்கு உதவித் தொகை கொடுக்கிறது, மற்றொரு கை அந்த விமானத்தோடு போட்டியிடும் ரயிலை விடுகிறது. ரயில் விட்டது தவறென்று நாம் சொல்லவில்லை. விமானத்தில் ஒருவர் போகிற அதே வேளையில் ரயிலில் பலர் போகிறார்கள். இரண்டு கைகளும் ஒன்றையொன்று அறிந்திருந்தால் நல்லது என்பதே நமது அபிப்பிராயம்.

உடான் திட்டத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் அவசியம். 2016 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது அத்திட்டம். முதல் விமானம் 2017 ஏப்ரல் 27-இல் சிம்லாவிலிருந்து டில்லிக்குப் பறந்தது. ரப்பர்ச் செருப்பு அணிகிற சாமானியனும் ஆகாய விமானத்தில் ஏற வேண்டும் என்று பிரதம மந்திரி அன்று பேசியது நினைவிருக்கலாம். சுமார் ஒரு மணி நேரப் பிரயாணத்துக்கு 2,500 ரூபாய் என்று, விமானத்தில் ஏறத்தாழ பாதி ஆசனங்களுக்குக் கட்டணம் வரையறுக்கப்பட்டது. அதனால் கம்பெனிக்கு ஏற்படும் நஷ்டத்தைச் சர்க்கார் ஈடுகட்டும். ஈட்டுத் தொகையில் 80 சதவீதம் மத்திய சர்க்காரைச் சேர்ந்தது, 20 சதவீதம் ராஜ்ய சர்க்காரைச் சேர்ந்தது. மத்திய சர்க்காரின் பங்கு, பெரிய ஊர்களுக்கு இடையே பறக்கும் விமானங்களின் மேல் விதிக்கும் வரியிலிருந்து வருகிறது. ராஜ்ய சர்க்கார் இது போதாதென்று, விமான எண்ணெய் மேல் உள்ள வரியை இந்தச் சிறு நிலையங்களில் 1 சதவீதமாகக் குறைக்கிறது. போலீஸையும் தீயணைப்புப் படையையும் இலவசமாகத் தருகிறது. நோக்கம் நல்லதே. மூன்று வருஷத்தில் ஜனங்களுக்கு விமானப் பழக்கம் ஏற்பட்டுவிடும், பிறகு கம்பெனி சொந்தக் காலில் நிற்கும் என்பது கணக்கு.

அந்தக் கணக்கு பலித்ததா? இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைமை அதிகாரியின் 2023-ஆம் வருஷத்து அறிக்கையே இதற்குப் பதில். முதல் மூன்று சுற்றுகளில் கம்பெனிகளுக்கு வழங்கப்பட்ட வழித்தடங்கள் 774. அவற்றில் 403 தடங்களில் விமானமே பறக்கவில்லை. பறக்க ஆரம்பித்த 371 தடங்களில் மூன்று வருஷக் கெடுவைப் பூர்த்தி செய்தவை 112. கெடு முடிந்த பிறகும், 2023 மார்ச் வரையில், உதவியின்றி நிலைத்து நின்றவை 54. அதாவது நூற்றுக்கு ஏழு. சேலத்துக்கு 2021-இல் நேர்ந்தது சேலத்து ஜனங்களின் குற்றத்தினால் நேர்ந்ததல்ல என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. வேலூரும் நெய்வேலியும் தஞ்சாவூரும் ராமநாதபுரமும் இதே திட்டத்தின் பட்டியல்களில் இடம் பெற்றவைதாம். 2024 முடியும் வரையில் அந்த நாலில் ஒன்றிலாவது பிரயாணி விமானம் இறங்கவில்லை. இப்படியிருக்க, 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் இன்னும் 120 புதிய இடங்களுக்குத் திட்டம் விஸ்தரிக்கப்படும் என்று நிதி மந்திரி அறிவித்தார். இருக்கிற பிள்ளைகளுக்குப் பாலில்லாத வீட்டில் புதிய தொட்டில் கட்டுகிறார்கள்.

இனி ஓடுபாதை விஷயம். கமலாபுரத்து ஓடுபாதையின் நீளம் 1,806 மீட்டர். சுமார் 70 பேர் ஏறக்கூடிய ஏ.டி.ஆர். விமானத்துக்கு இது தாராளமாகப் போதும். 180 பேர் ஏறும் பெரிய ஜெட் விமானத்துக்குப் போதாது. ஆகவே பாதையை நீட்ட வேண்டும், அதற்கு நிலம் வேண்டும் என்கிறார்கள் அதிகாரிகள். சிக்கனம்பட்டி, பொட்டியபுரம், தும்பிப்பாடி, கமலாபுரம் ஆகிய கிராமங்களின் குடியானவர்கள், "இருக்கிற பாதையிலேயே விமானம் நிற்கவில்லையே, நீட்டினால் மட்டும் வந்துவிடுமா?" என்று கேட்கிறார்கள். பெரிய விமானம் வராததால் லாபமில்லை. லாபமில்லாததால் பெரிய விமானம் வருவதில்லை. பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்ற கதை. இந்த வட்டத்தை உடைக்க ஒருவர் முதலில் துணிய வேண்டும் என்பது வாஸ்தவம். ஆனால் துணிகிறவன் தன் கைப் பொருளை வைத்துத் துணிய வேண்டும். தென்னையும் மரவள்ளியும் நிலக்கடலையும் பயிராகும் பிறத்தியார் நிலத்தை வைத்துத் துணிவது என்ன நியாயம்?

2018-ஆம் வருஷம் சேலம் ஜில்லாக் குடியானவர்களுக்குப் பொல்லாத வருஷம். சென்னைக்கும் சேலத்துக்கும் 277 கிலோமீட்டர் நீளத்துக்கு எட்டு வழிச் சாலை போடுவதற்கென்று வயல்களில் கல் நட்டதும் அதே வருஷத்தில்தான். அந்த நில எடுப்பு அறிவிப்பைச் சென்னை ஹைகோர்ட் 2019 ஏப்ரலில் ரத்து செய்தது. சுப்ரீம் கோர்ட் 2020 டிசம்பரில் திட்டத்தைத் தொடரலாம் என்றது. ஒரே ஊர்ப் பிரயாணியை ஒரே ஊருக்குக் கொண்டு போக ஒரு சாலைக்கும் ஒரு விமானத்துக்கும் ஒரே சமயத்தில் நிலம் கேட்டார்கள். பிரயாணி ஒருவரே என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

நாம் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இனிமேல்தான். வாசகர்கள் சற்றுப் பொறுமையோடு கேட்க வேண்டும். சட்ட விஷயம், சுவையிராது. ஆனால் நம் தொழிலில் நாம் கண்ட வரையில், குடியானவர்கள் இழந்த நிலங்களில் பாதி, சுவையில்லாத வாசகங்களைப் படிக்காததால் இழந்தவையே.

1894-ஆம் வருஷத்து நில ஆர்ஜிதச் சட்டத்துக்குப் பதிலாகப் பார்லிமெண்ட் 2013-இல் புதிய சட்டம் இயற்றியது. 2014 ஜனவரி முதல் தேதி அது அமுலுக்கு வந்தது. அச்சட்டத்தின்படி சர்க்கார் தன் சொந்த உபயோகத்துக்காக, தன் கையிலேயே வைத்துக்கொள்ளும் காரியத்துக்காக நிலம் எடுத்தால், உடையவர்களின் சம்மதம் வேண்டியதில்லை. தனியார் கம்பெனிக்காக எடுத்தால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதத்தின் முன் சம்மதம் வேண்டும். நிலம் சர்க்கார் பெயரில் இருந்துகொண்டு, காரியம் மட்டும் தனியாரும் சர்க்காரும் கூட்டாகச் செய்வதானால் 70 சதவீதத்தின் முன் சம்மதம் வேண்டும். பார்லிமெண்ட் இந்த வித்தியாசத்தைத் தெரிந்தே வைத்தது. பொதுக் காரியம் என்று சொல்லி வாங்கி, பிறகு லாபக் காரியமாக மாற்றுவதைத் தடுப்பதே இதன் தாத்பரியம்.

இப்போது இரண்டு யோசனைகளையும் சேர்த்துப் பாருங்கள். இன்று விமான நிலைய அதாரிட்டி என்ற சர்க்கார் ஸ்தாபனத்துக்காகச் சம்மதமின்றி 570 ஏக்கர் எடுக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளை அந்த நிலையம் திருச்சியோடு சேர்த்து ஐம்பது வருஷக் குத்தகைக்கு ஒரு கம்பெனியிடம் போகிறது. இன்று கேட்க வேண்டியிருந்த 70 சதவீத சம்மதம் எங்கே போயிற்று? முன்வாசலில் காவல் வைத்துவிட்டுப் புழக்கடையைத் திறந்துவிட்ட கதையல்லவா இது? இதைவிடச் சுருக்கமான வழியும் தமிழ் நாட்டில் உண்டு. தொழில் நோக்கங்களுக்கான 1997-ஆம் வருஷத்து ராஜ்யச் சட்டத்தின் வழியே போனால் அந்தச் சம்மத ஷரத்தே குறுக்கிடாது. ஹைகோர்ட் 2019 ஜூலையில் அந்த விலக்கைச் செல்லாதென்றது. சட்டசபை அதே வருஷம் மறுபடி சட்டமியற்றியது. 2021-இல் சுப்ரீம் கோர்ட் அதை ஒப்புக்கொண்டது. சட்டப்படி செல்லும் என்பதை நாம் மறுக்கவில்லை. சட்டப்படி செல்லுவதெல்லாம் செய்யத்தக்கதல்ல என்பதை நம்மைவிடச் சட்டசபை அங்கத்தினர்கள் நன்றாக அறிவார்கள்.

குத்தகையே கூடாது என்று பிடிவாதம் பிடிக்கிறவர்களில் நாமும் சேர்ந்தவர்களல்ல. சர்க்கார் நிர்வாகத்தின் சோம்பலை நாம் இந்தப் பத்தியிலேயே பலமுறை கண்டித்திருக்கிறோம். ஆனால் குத்தகை எப்படி நடந்து வந்திருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. 2006-இல் டில்லியும் பம்பாயும் கைமாறின. 2019-ஆம் வருஷத்து ஏலத்தில் ஆமதாபாத், லக்னௌ, ஜெய்ப்பூர், மங்களூர், கௌஹாத்தி, திருவனந்தபுரம் ஆகிய ஆறும், ஐம்பது வருஷத்துக்கு, ஒரே முதலாளியின் குழுவுக்குப் போயின. கேரள சர்க்கார் திருவனந்தபுரத்தைத் தானே நடத்துவதாகக் கேட்டும், கோர்ட்டுக்குப் போயும், பலனில்லை. லாபம் தரும் நிலையங்கள் இப்படி ஒவ்வொன்றாகப் போனால் நஷ்டம் தருகிறவை மட்டும் அதாரிட்டியிடம் மிஞ்சும். குத்தகைப் பணம் வருகிறதே என்பார்கள். வருகிறது, அது சேலத்துக்கும் கடப்பைக்கும் செலவாகும் என்று எந்த ஷரத்து சொல்லுகிறது?

பெரியதோடு சிறியதைச் சேர்த்துக் கட்டும் யோசனை இந்தக் குறையைத் தீர்ப்பதற்காகவே வந்தது. வாரணாசியோடு கயையும் குஷிநகரும், அமிருதசரஸோடு காங்கிராவும், திருச்சியோடு சேலமும் என்று 2021-இல் ஜோடி சேர்த்தார்கள். கறவைப் பசுவை வாங்குகிறவன் கன்றையும் ஓட்டிப் போக வேண்டும் என்ற ஏற்பாடு. யோசனை கெட்டதல்ல. ஆனால் கன்றுக்குத் தினம் எத்தனை படி பால் விட வேண்டும் என்று பத்திரத்தில் எழுதாவிட்டால், வாங்கினவன் அதைப் பட்டியில் கட்டிப் போட்டுவிட்டுப் பசுவை மட்டும் கறப்பான். சேலம் நிலையம் தினம் இத்தனை மணி திறந்திருக்க வேண்டும், விமானம் இறங்கினாலும் இறங்காவிட்டாலும் ஓடுபாதையும் தீயணைப்பு வண்டியும் இன்ன நிலையில் இருக்க வேண்டும், தவறினால் இன்ன அபராதம் என்ற ஷரத்தில்லாத குத்தகை சேலத்துக்குச் சாவோலை.

அப்படியானால் மூடிவிடலாமே என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். ஸ்காட்லாந்து சர்க்கார் 2013-இல் பிரெஸ்ட்விக் என்ற விமான நிலையத்தை ஒரே ஒரு பவுனுக்கு வாங்கியது. தனியார் முதலாளி வைத்துக்கொள்ள மாட்டேன் என்று சொன்ன நிலையத்தை, அங்கே வேலை செய்கிறவர்களின் பிழைப்புக்காகச் சர்க்கார் ஏற்றுக்கொண்டது. வெட்கப்படாமல், இதற்கு இன்ன செலவாகும், இன்ன காரணத்துக்காகச் செய்கிறோம் என்று ஜனங்களிடம் சொல்லிச் செய்தார்கள். நம் நாட்டில் அந்தச் சொல் மட்டும்தான் கிடைப்பதில்லை.

சேலம் நிலையத்தை மூட வேண்டியதில்லை என்பதே நம் கட்சி. போட்ட பாதை போட்டாகிவிட்டது, கட்டின கட்டடம் கட்டியாகிவிட்டது. அந்த 1,806 மீட்டருக்குள் செய்யக்கூடிய காரியங்கள் இருக்கின்றன. சிறிய விமானங்கள் பெங்களூருக்கும் கொச்சிக்கும் பறக்கலாம். 2022-இல் விமான நிலைய அதாரிட்டி விமானம் ஓட்டக் கற்பிக்கும் பள்ளிகளுக்கென்று தேர்ந்தெடுத்த ஐந்து நிலையங்களில் சேலமும் ஒன்று. பெரிய நிலையங்களில் இடம் கிடைக்காமல் வெளிதேசம் போய்ப் பணத்தைக் கொட்டிப் படிக்கும் நம் பிள்ளைகளுக்குப் போக்குவரத்துக் குறைந்த ஓடுபாதை ஒரு வரப்பிரசாதம். விமானங்கள் நெருங்காததையே சேலத்தின் குறையாகச் சொல்லி வந்தோம். பயிற்சிக்கு அதுவே அதன் யோக்கியதை. மந்திரிகள் இதற்குப் பெரிய விழா எடுக்க முடியாது என்பது ஒன்றுதான் கஷ்டம்.

பெரிய ஜெட் விமானம் சேலத்துக்கு வரவே வேண்டும் என்று வற்புறுத்துகிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்கட்டும். 2024 ஜூனில் ஓசூரில் 2,000 ஏக்கரில், வருஷத்துக்கு 3 கோடிப் பிரயாணிகளுக்கான விமான நிலையம் கட்டப்போவதாகத் தமிழ் நாட்டு முதல் மந்திரி சட்டசபையில் அறிவித்தார். பெங்களூர் நிலையத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி அதற்கு 150 கிலோமீட்டர் சுற்றுக்குள் 2033 வரை வேறு நிலையம் வரலாகாது என்ற ஷரத்து குறுக்கே நிற்கிறது. அது நீங்கி ஓசூர் நிலையம் வந்துவிட்டால், கமலாபுரத்தில் நீட்டிய பாதையில் எந்தப் பெரிய விமானம் எதற்காக இறங்கும்? ஓசூருக்கும் நிலம், சேலத்துக்கும் நிலம் என்று இரண்டு பக்கமும் எடுத்துவிட்டு, பிற்பாடு எது பிழைக்கிறதோ பார்க்கலாம் என்பது திட்டமாகுமா?

ஆகவே நாம் கேட்பது பெரிய காரியமல்ல. கமலாபுரம் நிலையத்தின் வரவு செலவு, 1993 முதல் வருஷவாரியாக, ஒரு சிறு புத்தகமாக வெளிவர வேண்டும். பிரயாணிகள் எத்தனை, உதவித் தொகை எத்தனை என்பது அதில் தனியே காட்டப்பட வேண்டும். உதவித் தொகை நின்ற பிறகு மூன்று வருஷம் தொடர்ந்து ஏதேனும் ஒரு விமானம் அங்கே பறந்து காட்டும் வரையில் விஸ்தரிப்புக்கென்று ஒரு சென்ட் நிலமும் எடுக்கலாகாது. நிலையம் சர்க்கார் கையில் இருக்கப் போகிறதா, கம்பெனி கைக்குப் போகப் போகிறதா என்பதை நிலம் கேட்பதற்கு முன்னால் சொல்ல வேண்டும். எந்தச் சட்டத்தின் கீழ் எடுத்தாலும், 2013-ஆம் வருஷத்துச் சட்டம் கேட்கும் சம்மதத்தைக் கேட்டே எடுக்க வேண்டும். அதே சட்டத்தின் 101-ஆவது பிரிவு, எடுத்த நிலம் ஐந்து வருஷம் உபயோகமற்றுக் கிடந்தால் அதை உடையவர்களுக்கோ சர்க்காரின் நிலத் தொகுப்புக்கோ திருப்ப வேண்டும் என்கிறது. நிலத் தொகுப்புக்கு அல்ல, உடையவர்களுக்கே திருப்புவோம் என்று முன்கூட்டி எழுத்தில் கொடுக்க வேண்டும்.

பொட்டியபுரத்திலும் சிக்கனம்பட்டியிலும் 2018 முதல் கிணற்றை ஆழப்படுத்தலாமா, பெண்ணின் கல்யாணத்துக்கு நிலத்தின் பேரில் கடன் வாங்கலாமா, தென்னங்கன்று வைக்கலாமா என்று தெரியாமல் இருக்கிறவர்கள் உண்டு. தென்னை காய்க்கச் சில வருஷமாகும். அடுத்த முறை ஓமலூர்ப் பக்கம் வருகிற மந்திரி யாரானாலும், அவர்கள் கன்று வைக்கலாமா கூடாதா என்பதை மட்டும் எழுத்தில் சொல்லிவிட்டுப் போகட்டும்.